ரஜூலா வ.உ.சி.யின் கப்பல் அல்ல

‘வ.உ.சி. வாங்கிய ரஜூலா கப்பல். இதில்தான் சுப்பிரமணிய சிவா பயணம் செய்தார்’ என்ற படம் தருமபுரி வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இது தவறு.

ரஜூலா 1926இல் பிரிட்டிஷ் இந்தியா என்ற ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்காக கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஓடியது. சிவா 1925ஆம் ஆண்டே நம் பாப்பாரப்பட்டியில் காலமாகிவிட்டார். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் காலியா, லாவோ. அவை தூத்துக்குடி–கொழும்பு வழியில் சென்றவை. கட்டணத்தைக் குறைத்து அக்கம்பெனியை நசுக்கிய அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பலையே வ.உ.சி.யின் பெயரில் சேர்ப்பது வேதனை தருகிறது.

ரஜூலா கட்டப்பட்ட ஆண்டையும் உரிமையாளரையும் லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டில் பார்க்கலாம். அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்; வந்த குழுவில் இந்த விளக்கத்தைப் பதியுங்கள்.