நம்பிக்கையால் மட்டும் நடந்ததல்ல

"அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒருவரையொருவர் நம்பினார்கள், அதனால்தான் 1987 ஏவுகணை ஒப்பந்தம் பலித்தது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. இருவருக்கும் ஓரளவு ஒத்துப்போனது உண்மை, ஆனால் தரையிலிருந்து ஏவும் நடுத்தூர ஏவுகணைகளை இரு நாடுகளும் ஒழிக்க வேண்டும் என்ற அந்த ஒப்பந்தம் அதை நம்பி எழுதப்படவில்லை. சோவியத் ஒன்றியத்தின் வோட்கின்ஸ்க் ஏவுகணை ஆலையின் வாசலிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் குடியிருந்தார்கள். அங்கே தயாரான, தடையில்லாத எஸ்எஸ்-25 ஏவுகணையின் முதல் அடுக்கு, தடைசெய்யப்பட்ட எஸ்எஸ்-20 ஏவுகணையுடையதைப் போலவே வெளிப்பார்வைக்கு இருக்கும். அதனால் ஆலையிலிருந்து வரும் ரயில் பெட்டிகளுக்கு எக்ஸ்ரே கருவிகூட வைத்தார்கள்! அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மாக்னாவில் இருந்த ஏவுகணைப் பாக ஆலையின் வாசலில் சோவியத் ஆட்களும் இப்படித்தான் காவல் இருந்தார்கள். 1991க்குள் இருதரப்பிலும் சேர்த்து 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அப்புறமும் சும்மா விடவில்லை, 2001 வரை ஆய்வு தொடர்ந்தது.