காக்ஸ் பஜாரில் ஒரு மாதச் சாப்பாடு

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் இருக்கும் மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதி ஒருவருக்கு மாதச் சாப்பாட்டுக்காக ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் ஒதுக்கிவந்தது 12 டாலர். நம் கணக்கில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். கையில் பணமாகத் தருவதில்லை, அட்டையில் ஏற்றுவார்கள். முகாமுக்குள் இருக்கும் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை என்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

2023 மார்ச்சில் அது 10 டாலர் ஆனது. ஜூனில் 8. அங்கே யாருக்கும் பசி குறைந்துவிடவில்லை, நிதி வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு மெல்ல ஏற்றி 12.50 வரை கொண்டுவந்தார்கள். அப்புறம் 2025 மார்ச்சில், ஏப்ரலிலிருந்து 6 டாலர்தான் என்று அறிவிப்பு. நாளுக்கு 17 ரூபாய், மூன்று வேளைக்கும் சேர்த்து! கடைசி நேரத்தில் பணம் வந்து 12 டாலரில் நின்றது. அந்தச் சில வாரங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன கணக்குப் போட்டிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

உழைத்துச் சாப்பிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். முகாமை விட்டு வெளியே போய் வேலை பார்க்க அவர்களுக்கு அனுமதியே கிடையாது, சுற்றிலும் முள்வேலி. வங்கதேசத்தை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு சில மாதங்களில் 7 லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்த நாடு அது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. உலக உணவுத் திட்டம் நடப்பது முழுக்க நன்கொடையில். அரசுகள் மனம் வைத்தால் தரும், இல்லையென்றால் இல்லை. 2024-ல் கிடைத்ததில் ஏறக்குறைய பாதி அமெரிக்கா கொடுத்தது. ஒரே நாட்டின் கொள்கை மாறினால் உலகம் முழுக்க அடுப்பு அணைகிறது.

பிரிட்டனைப் பாருங்கள். தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2021-ல் 0.5 ஆக்கினார்கள். ராணுவச் செலவைக் கூட்ட, 2027-க்குள் அதை 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்தத் துறையின் அமைச்சர் அன்னலீஸ் டாட்ஸ் பதவி விலகினார். இதைவிட வயிற்றெரிச்சல், உள்நாட்டில் அகதிகளைத் தங்கவைக்கும் முதல் வருடச் செலவையும் வெளிநாட்டு உதவிக் கணக்கில் காட்டச் சர்வதேச விதி இடம் தருகிறது. 2023-ல் பிரிட்டன் உதவித் தொகையில் கால் பங்குக்கு மேல் இப்படி அந்த நாட்டுக்குள்ளேயே செலவானது. தஞ்சம் கேட்டு வந்தவர்களுக்குக் கூரை வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை ஏன் காக்ஸ் பஜார் போன்ற இடங்களுக்குப் போக வேண்டிய பணத்திலிருந்து எடுக்க வேண்டும்?

ஐ.நா. அமைதிப்படைச் செலவுக்கு ஒவ்வொரு உறுப்பு நாடும் கட்டாயப் பங்கு தர வேண்டும். வேலை செய்யத் தடை உள்ள முகாம்களின் உணவுச் செலவையாவது அதேபோலக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். அப்போதும் நாடுகள் பாக்கி வைக்கும், அமெரிக்காவே வைத்திருக்கிறது. சரி, பாக்கி வைத்தவரை உட்காரவைத்துக் கேட்கலாம். இரண்டு ஆண்டுப் பங்கு அளவுக்குப் பாக்கி சேர்ந்தால் பொதுச்சபையில் வாக்குரிமையே போகலாம் என்று ஐ.நா. சாசனத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. நன்கொடையை நிறுத்தியவரிடம் கேட்க எந்தப் பிரிவும் இல்லை.