13 அணி என்றால் 13 தடவை துரத்தினார்கள் என்றா அர்த்தம்?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றிய பதிவில், ‘இஷ் ஸ்மித்தை 13 என்பிஏ அணிகள் துரத்திவிட்டன, உருப்படாத ஆட்டக்காரர்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்களே அண்ணா, எண் சரி, அர்த்தம்தான் தலைகீழ். 13 அணிக்கு ஆடியது என்பிஏ சாதனை. ஆனால் அங்கே பல இடமாற்றங்கள் டிரேடில் நடக்கின்றன, அதாவது இரண்டு அணிகள் ஒப்பந்தங்களைக் கைமாற்றிக்கொள்ளும், ஆட்டக்காரரிடம் சம்மதம் கேட்பதில்லை (மறுக்கும் உரிமை சிலருக்குத்தான் உண்டு), மீதிச் சம்பளத்தைப் புதிய அணி கொடுக்கும். 2022இல் அவர் வாஷிங்டனிலிருந்து டென்வருக்குப் போனது இப்படித்தான். 2023இல் டென்வர் முதல் தடவையாகக் கோப்பை வென்றபோது அணியில் இருந்தார். பிளேஆஃபில் (கோப்பையை முடிவுசெய்யும் கடைசிச் சுற்றுகளில்) ஆடியது கொஞ்சம்தான், அதை மறைக்கவில்லை.

அப்புறம், 2010 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) அவரை யாருமே எடுக்கவில்லை. ஆறடி ஆள், என்பிஏவில் அது குள்ளம். அந்த உயரத்தோடு அங்கே பத்து வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது லேசா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரரான உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? நம் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) சீசனில் போன வாரம் எதிரணிக்குக் கோல் போட்டவர் இந்த வாரம் வேறு ஜெர்சியில், முதுகில் யாரோ ஒருவர் பெயர் மேல் டேப் ஒட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்குவார். அவரைத் துரத்திவிட்டார்கள் என்றா சொல்கிறோம்? ‘நல்ல விங் ஆள், காசு கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்’ என்கிறோம். பதிவில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.