தனி டியூஷன் பற்றி, சேலத்திலிருந்து

தனி டியூஷன் வைத்தால் பிள்ளை சொந்தமாக யோசிக்காது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். விடையை எழுதிக் கொடுக்கிற டியூஷனுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

அம்மாபேட்டையில் வீட்டிலேயே கணக்கு சொல்லித் தருகிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். 40 பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கத்தான் முடியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் திருத்தவில்லை. "2/5 அரையை விடப் பெரிசா, சின்னதா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அரையோட இன்னும் சேர்த்தா எப்படி மிஸ் குறையும்?" என்று அவனே அழித்தான். இப்போதெல்லாம் என்னிடம் காட்டும் முன்பே விடையை ஒரு தரம் சரிபார்த்துக்கொள்கிறான். இதைச் சார்ந்திருப்பது என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், தனி ஆசிரியரிடம் கற்ற சராசரி மாணவர் சாதாரண வகுப்பில் படித்தவர்களில் சுமார் 98 சதவீதம் பேரை முந்தினார். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை, ஆனாலும் பலன் இருக்கிறது.

பெற்றோர்கள் டியூஷன் நோட்டைப் பிரித்துப் பாருங்கள். அதில் பிள்ளையின் கையெழுத்தைவிட சொல்லித்தருபவரின் கையெழுத்துதான் அதிகம் என்றால், தயங்காமல் ஆளை மாற்றுங்கள். தறி ஓட்டுகிற வீடுகளில் தனி டியூஷனுக்குப் பணம் இருக்காது. பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கும் அக்கா தினமும் அரை மணி நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து, இப்படிக் கேள்வி கேட்டாலே பெரிய உதவி.