ஹார்டுவேர் 3 டெஸ்லா: காசு கொடுத்தது எதற்கு, வரப்போவது எது?

2019-லிருந்து 2023-க்குள் டெஸ்லா எடுத்து, கூடவே எஃப்.எஸ்.டி.-க்கும் (ஃபுல் செல்ஃப் டிரைவிங், காரைத் தானே ஓட வைக்கும் மென்பொருள்) முழுப் பணம் கட்டியவர்கள் அமெரிக்காவில் நம் ஆட்களிலேயே நிறையப் பேர். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அப்டேட் எப்ப வரும்?" என் கருத்தில் கேட்க வேண்டியது அது இல்லை. வரப்போவது, காசு வாங்கும்போது சொன்ன அதே பொருளா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் பதில் வேறு வேறு. கேள்வி மாறாத வரைக்கும் இந்தக் காத்திருப்புக்கு முடிவு கிடையாது.

முதலில் உங்கள் காரின் ஓட்டும் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் 3-ஆ, அடுத்து வந்த 4-ஆ என்று பார்த்துவிடுங்கள். திரையில் கன்ட்ரோல்ஸ், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் 'அடிஷனல் வெஹிக்கிள் இன்ஃபர்மேஷன்'. கம்ப்யூட்டர் என்ற வரியில் வெறும் 'ஃபுல் செல்ஃப் டிரைவிங் கம்ப்யூட்டர்' என்று இருந்தால் அது ஹார்டுவேர் 3. நாலு என்ற எண் இருந்தால் அடுத்த தலைமுறை. கார் எடுத்த வருடத்தை வைத்து ஊகிக்காதீர்கள். 2023-ல் மாடலுக்கு மாடல், தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாற்றம் வெவ்வேறு மாதங்களில் நடந்தது.

இனி வாக்குறுதி. 2016 அக்டோபர் 19 அன்று டெஸ்லா வெளிப்படையாக அறிவித்தது: இனி தயாராகும் எல்லாக் கார்களிலும் முழுத் தானியங்கி ஓட்டத்துக்கு வேண்டிய ஹார்டுவேர் இருக்கிறது, மீதி மென்பொருள்தான். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை ஆள் கை படாமல் ஒரு கார் போகும் என்று மஸ்க் சொன்னார். அது நடக்கவில்லை. அந்தக் கார்களின் கம்ப்யூட்டர் போதவில்லை என்றானபோது 2019-ல் ஹார்டுவேர் 3 வந்தது. எஃப்.எஸ்.டி. வாங்கியிருந்தவர்களுக்கு அதை இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். இது முக்கியமான முன்னுதாரணம், மறக்க வேண்டாம். 2019 ஏப்ரலில், அடுத்த ஆண்டே பத்து லட்சம் ரோபோடாக்சிகள் (ஓட்டுநர் இல்லாத டாக்சிகள்) சாலையில் இருக்கும் என்றும் சொல்லப்பட்டது.

அந்த நம்பிக்கையில்தான் மக்கள் பணம் கட்டினார்கள். 2020 அக்டோபரில் விலை 10,000 டாலர். 2022 ஜனவரியில் 12,000. அதே ஆண்டு செப்டம்பரில் 15,000. பிறகு இறங்கி 2024 ஏப்ரலில் 8,000. விலை ஏறும், இப்போதே வாங்கிவிடுங்கள் என்று தூண்டியதும் அவர்கள்தான். உச்ச விலைக்கு வாங்கியவர்களில் பெரும்பகுதியினரின் காரில் இருப்பது ஹார்டுவேர் 3.

இப்போது நிலைமை என்ன? ஹார்டுவேர் 4 கார்களுக்கு 2024 டிசம்பரில் எஃப்.எஸ்.டி.-யின் 13-ம் பதிப்பும், 2025 அக்டோபரில் 14-ம் பதிப்பும் வந்தன. ஹார்டுவேர் 3 கார்கள் 2025 ஜனவரியில் கிடைத்த 12.6 வரிசையோடு நின்றன. 2025 ஜனவரி இறுதியில் முதலீட்டாளர் கூட்டத்தில் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்: எஃப்.எஸ்.டி. வாங்கியவர்களுக்கு ஹார்டுவேர் 3 கம்ப்யூட்டரை மாற்றித்தர வேண்டியிருக்கும், வேதனையான வேலைதான், ஆனாலும் செய்வோம் என்று. அதே ஆண்டு அக்டோபர் கூட்டத்தில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. ஹார்டுவேர் 3-க்கு 14-ம் பதிப்பின் '14 லைட்' என்ற சுருக்கப் பதிப்பு, 2026-ன் இரண்டாம் காலாண்டை ஒட்டி வரும் என்றார்கள்.

இந்த 'லைட்' என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் சுருக்க வேண்டியிருக்கிறது என்பதற்குள் போனால்தான் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது புரியும்.

ஹார்டுவேர் 3 கம்ப்யூட்டர் பலகையில் ஒரே மாதிரியான இரண்டு சிப். ஒவ்வொன்றும் விநாடிக்கு 72 லட்சம் கோடி கணக்கு போடும், இரண்டும் சேர்ந்து 144 லட்சம் கோடி. ஆனால் எதற்காக இரண்டு? வேகத்துக்காக இல்லை. இரண்டும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, விடை ஒத்துப்போனால் மட்டும் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கட்டளை போக வேண்டும். ஒன்று செத்தால் மற்றது காரைப் பத்திரமாக ஓரம் கட்ட வேண்டும். 2019-ல் அறிமுகப்படுத்தும்போது விளக்கிய வடிவமைப்பு அதுதான். மென்பொருள் பெருக்கப் பெருக்க அது ஒரு சிப்பில் அடங்கவில்லை. வேலையை இரண்டுக்கும் பிரித்துப் போடும் நிலை வந்தது. ஓட்டுநர் கண் வைத்திருக்கும் வரை அதில் தப்பில்லை, ஏனென்றால் மாற்று ஏற்பாடு அந்த மனிதர்தான். மனிதர் இல்லாமல் ஓட்ட வேண்டுமென்றால் அந்த இரண்டாவது சிப் சும்மா காவலுக்கு இருக்க வேண்டும். அப்படியானால் கையில் மிஞ்சுவது பாதிக் கம்ப்யூட்டர். இந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்கிறேன்: ஆள் மேற்பார்வை இல்லாத ஓட்டம் இந்தப் பலகையில் வராது.

அடுத்த நெருக்கடி நினைவகம். நிறையப் பேர் கணக்கிடும் வேகத்தை மட்டும் பேசுகிறார்கள், கழுத்தைப் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். காரை ஓட்டும் ஏ.ஐ. மாடலான நரம்பியல் வலைப்பின்னலின் எடைகள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கேமராவின் ஒவ்வொரு படச் சட்டகத்துக்கும் நினைவகத்திலிருந்து படிக்கப்பட வேண்டும். சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம், இந்தக் கணக்கைப் போடும் ஒவ்வொரு பகுதிக்கும் 32 எம்பி மட்டுமே. கேமரா விநாடிக்கு 36 சட்டகம் அனுப்புகிறது. எடைகள் 1 ஜிபி என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், விநாடிக்கு 36 ஜிபி படிக்க வேண்டும். 2 ஜிபி ஆனால் 72. ஒரு சிப்புக்கு வெளி நினைவகத்தின் உச்ச வேகமே விநாடிக்கு 68 ஜிபிதான். ஹார்டுவேர் 4-ல் வேறு வகை நினைவகம், பல மடங்கு அகலமான வழி. அங்கே தாராளமாக ஓடுகிற மாடல் இங்கே மூச்சு முட்டும்.

அதனால் பொறியாளர்கள் செய்வது: பெரிய மாடலை ஆசிரியராக வைத்துச் சின்ன மாடலுக்குப் பயிற்சி கொடுப்பது, அடுக்குகளைக் குறைப்பது, எண்களின் துல்லியத்தைக் குறைப்பது. நேர்மையான, கடினமான வேலை இது. அதைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சுருக்கும்போது முதலில் போவது அரிதான சூழ்நிலைகள்: சாலை வேலை நடக்கும் இடத்தில் கை காட்டும் ஆள், எதிர்ப்புறம் நின்றுகொண்டிருக்கும் பள்ளிப் பேருந்து, தூரத்தில் சாலையில் கிடக்கும் டயர் துண்டு. நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுகிறவருக்குச் சின்ன மாடல் பிரமாதமாகத் தெரியும். வித்தியாசம் தெரிவது ஆயிரத்தில் ஒரு தடவை, அந்த ஒரு தடவைக்காகத்தான் இத்தனை பாடும்.

கேமராவும் வேறு. ஹார்டுவேர் 3-ல் 1.2 மெகாபிக்சல், நாலில் 5 மெகாபிக்சல் அளவு. வராத பிக்சலை எந்த அப்டேட்டும் வரவழைக்காது.

'அப்படியானால் பலகையை மாற்றிவிட்டால் போச்சு' என்பவர்களுக்கு: ஹார்டுவேர் 2.5-லிருந்து 3-க்கு மாறியபோது பழைய பெட்டி இருந்த அதே இடத்தில் புதியது உட்கார்ந்தது. நாலாவது அப்படி இல்லை. வடிவம், மின்சாரத் தேவை, கேமரா இணைப்பிகள் எல்லாம் வேறு. ஆகவே பழைய இடத்துக்கும் பழைய வயரிங்குக்கும் பொருந்துகிற மாதிரி தனியாக ஒரு பலகை செய்ய வேண்டும். கேமராவை விட்டுவிட்டால் புதிய கம்ப்யூட்டர் பழைய கண்ணோடு ஓடும், அதற்கும் தனி மாடல் பயிற்சி வேண்டும். செலவு இருக்கிறது, முடியாத காரியமில்லை. வோல்வோ இஎக்ஸ்90-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் விற்ற கார்களின் மையக் கம்ப்யூட்டர் போதாது என்றானதும், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இரண்டு என்விடியா ஓரின் சிப் கொண்ட பலகையை இலவசமாக மாற்றித் தருவதாக 2025-ல் அறிவித்தார்கள். (அதே வோல்வோ, பெரிதாக விளம்பரப்படுத்திய லைடாரை (லேசரால் தூரத்தை அளக்கும் கருவி) 2026 மாடலிலிருந்து எடுத்துவிட்டது. அவர்களையும் தெய்வமாக்க வேண்டியதில்லை.)

ஆகவே என் நிலைப்பாடு இது. '14 லைட்' வந்தால் போட்டுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் அது கடனுக்கு வட்டி, அசல் இல்லை. அசல் என்பது விற்கும்போது சொன்ன திறன். அதைத் தர முடியாதென்றால் பலகை மாற்றம், அல்லது பணம் திருப்பித் தருவது. மூன்றாவதாகப் புதிய கார் வாங்கச் சொல்லித் தள்ளுபடி தருவது தீர்வாகாது. கொடுத்த பணத்தைக் கேட்கப் போனவரை இன்னும் 40,000 டாலர் எடுத்து வை என்பது எந்த ஊர் நியாயம்?

காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டியவை உண்டு. எஃப்.எஸ்.டி. வாங்கிய ரசீது, ஆர்டர் ஒப்பந்தம், அந்தத் தேதியில் விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதன் படம், மூன்றையும் டெஸ்லா கணக்குக்கு வெளியே சேமித்து வையுங்கள். வாங்கிய தேதி மிக முக்கியம், ஏனென்றால் விற்பனை வாசகம் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. 2024-ல் 'மேற்பார்வையுடன்' என்ற சொல்லே பெயரில் சேர்ந்துவிட்டது. அதற்கு முன் வாங்கியவரின் வாதமும் பின் வாங்கியவரின் வாதமும் ஒன்றல்ல. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு (நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் நிபந்தனை) இருக்கிறதா, அதிலிருந்து விலக எத்தனை நாள் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் எஃப்.எஸ்.டி. தொடர்பான கூட்டு வழக்குக்கு 2025 ஆகஸ்டில் ஃபெடரல் நீதிமன்றம் அனுமதி கொடுத்தபோது, யார் உள்ளே யார் வெளியே என்பதில் இந்தப் பிரிவுக்குப் பங்கு இருந்தது.

அப்டேட் வரவில்லை என்று புலம்புவதற்கு முன் காரின் பக்கம் இருக்கும் சின்னக் காரணங்களைக் கழித்துவிடுங்கள். சாஃப்ட்வேர் பக்கத்தில் அப்டேட் விருப்பம் 'அட்வான்ஸ்ட்' என்று இருக்கட்டும். பெரிய கோப்புகள் வைஃபையில்தான் முழுதாக இறங்கும். கராஜ் மூலையில் சிக்னல் ஒரு கோடு இருந்தால் பாதியில் நிற்கும். நிறுவும் நேரத்தில் கார் ஓடாது, அரை மணிக்கு மேல் ஒதுக்குங்கள்.

கார் திடீரென்று தடுமாறினால் எல்லாப் பழியையும் மாடல் மேல் போடாதீர்கள். முன் கண்ணாடியின் உள்பக்கம், கேமரா பெட்டிக்குள், பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி படிந்து மெல்லிய மங்கல் உண்டாகும். எதிர்வெயிலில் கேமரா பார்வை மறைகிறது என்ற எச்சரிக்கை அடிக்கடி வந்தால் பெரும்பாலும் இதுதான். வெளியே துடைத்துப் பலனில்லை; சர்வீஸில் பெட்டியைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாற்றியிருந்தால் சர்வீஸ் மெனுவில் கேமரா கேலிப்ரேஷனை (கேமராவின் நிலையைச் சரிபார்த்து வைத்த அளவுகள்) அழித்துவிட்டு, கோடு தெளிவாக இருக்கும் நேரான சாலையில் ஓட்டுங்கள். வழக்கமாக 32 முதல் 40 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 160 தாண்டியும் முடியவில்லையென்றால் கோளாறு வேறு.

காரை மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்.எஸ்.டி. உரிமை காரோடு ஒட்டியது, உங்களோடு அல்ல. 2023-லிருந்து அவ்வப்போது புதிய காருக்கு மாற்றிக்கொள்ளும் சலுகை திறந்து மூடியிருக்கிறது. மாற்றிய கணமே பழைய காரிலிருந்து அது போய்விடும். பழைய காரை எஃப்.எஸ்.டி.-யோடு விற்பதாக யாரிடமாவது பேசி வைத்திருந்தால் சிக்கல். ஹார்டுவேர் 3 காருக்கான உங்கள் கோரிக்கையும் அத்தோடு பலவீனமாகலாம், அதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். 2026 பிப்ரவரி 14-க்குப் பிறகு ஒரே தொகைக்கு விற்பதில்லை, மாதச் சந்தா மட்டும்தான் என்று மஸ்க் அறிவித்திருப்பதால், முழுப் பணம் கட்டியவர்கள் இனி பெருகப் போவதில்லை. அதனால்தான் இப்போதே குரல் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2025 ஜூலையில் மும்பையில் மாடல் ஒய் அறிமுகமானபோது எஃப்.எஸ்.டி.-க்கு 6 லட்சம் ரூபாய் என்று விலைப் பட்டியலில் போட்டார்கள். அன்றைக்கு நம் சாலைகளில் அது இயங்காது. பின்னால் வரும் என்பதுதான் பேச்சு. ஹார்டுவேர் 4-ஆகவே இருந்தாலும், ஆர்டர் பக்கத்தில் எஃப்.எஸ்.டி. கேட்டால் டிக் போடாதீர்கள். சாலையில் ஓடுகிற நாளில், ஓடுகிறதைப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டிப் பாருங்கள்.