மூன்று நாளில் கூடிய ஒரு கிலோ

உடற்பயிற்சியாக நடக்கத் தொடங்கி மூன்றாம் நாளே தன் நிறை ஒரு கிலோ கூடியதால், பயிற்சி கொழுப்பைக் கூட்டும் என்று இங்கே ஒரு அக்கா சொல்லியிருக்கிறார். நிறை கூடியது உண்மைதான் அக்கா, ஆனால் அது பெரும்பாலும் தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவாவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். மூன்று நாளில் அது லேசில்லை. பழக்கமில்லாமல் ஹட்டன் பக்கத்து ஏற்றங்களில் நடந்தால் தசை நோகும், கொஞ்சம் வீங்கும், நீரைப் பிடித்து வைக்கும். ராத்திரி ரொட்டியோடு கருவாடு என்றால் உப்பும் தன் பங்கைச் செய்யும்.

சந்தேகமென்றால் நிறை பார்த்துவிட்டு அரை லீட்டர் தண்ணீர் குடித்து உடனே மறுபடி பாருங்கள்: அரைக் கிலோ கூடியிருக்கும். அப்புறம், தினமும் காலையில் கழிப்பறை போய்வந்து, தேத்தண்ணி குடிக்குமுன் நிறுத்து எழுதுங்கள். ஒவ்வொரு வாரத்துச் சராசரியையும் சில வாரம் ஒப்பிட்டால், நிறை உண்மையில் கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துவிடும்.