கிடைத்த பள்ளியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்: ரிசெப்ஷன் வெயிட்டிங் லிஸ்ட் பற்றி

பள்ளி இடங்களை அறிவிக்கும் ஆஃபர் நாளான ஏப்ரல் 16 வந்தால் இங்கிலாந்தில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: ரிசெப்ஷனுக்கு (முதல் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) எந்தப் பள்ளி கிடைத்தது? முதலில் எழுதிக் கொடுத்த பள்ளியே கிடைத்தவர்களுக்கு இந்தப் பதிவு தேவைப்படாது. மூன்றாவதோ நான்காவதோ கிடைத்தவர்களுக்காகவும், நாம் கேட்கவே கேட்காத ஒரு பள்ளியை கவுன்சில் ஒதுக்கிவிட்டதே என்று கலங்கிப்போய் இருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நடைமுறைகள் வேறு.

முதல் வேலை, கொடுத்த இடத்தை ஏற்றுக்கொள்வது. பிடிக்கவில்லை என்றாலும், பள்ளி தூரம் என்றாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். "சரின்னு சொல்லிட்டா நமக்குப் பிடிச்ச பள்ளியோட லிஸ்ட்ல இருந்து தூக்கிடுவாங்க" என்று நம் ஆட்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரோடிப் போயிருக்கிறது. அது தவறு. ஏற்றுக்கொண்டதால் வெயிட்டிங் லிஸ்ட்டில் உங்கள் இடம் ஓர் அங்குலம்கூட நகராது. அப்பீல் செய்யும் உரிமையும் போகாது. மறுத்தால் மட்டும் நஷ்டம் உண்டு: அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இன்னொரு பள்ளியைத் தேடித் தரும் கட்டாயம் கவுன்சிலுக்கு இல்லை. ஓர் இடம் கொடுத்தோம், அவர்கள் வேண்டாம் என்றார்கள் என்று கோப்பை மூடிவிடலாம். செப்டம்பரில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் பிள்ளைக்கு அதற்காக லிஸ்ட்டில் எந்தச் சலுகையும் கிடையாது. பள்ளியே இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால் இரக்கப்பட்டு மேலே தூக்குவார்கள் என்பதும் நடக்காத கதை.

பதில் சொல்லப் பொதுவாக இரண்டு வாரம்தான் கொடுப்பார்கள். கடைசித் தேதி ஆஃபர் மின்னஞ்சலிலேயே இருக்கும். அதைத் தவறவிட்டால், நினைவூட்டிய பிறகு கவுன்சில் ஆஃபரை ரத்து செய்துவிடலாம்.

அடுத்தது, எந்தெந்தப் பள்ளியின் லிஸ்ட்டில் உங்கள் பிள்ளையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பல கவுன்சில்களில், கிடைத்த பள்ளிக்கு மேலே நீங்கள் வரிசைப்படுத்தியவற்றில் தானாகவே பெயர் சேர்ந்துவிடும். சிலவற்றில் நாமே கேட்டால்தான் சேர்ப்பார்கள். விண்ணப்பத்தில் எழுதாத பள்ளி என்றால் எங்கேயும் தனியாகக் கேட்டாக வேண்டும். அகாடமிகளும் (கவுன்சிலின் கீழ் வராத அரசு நிதிப் பள்ளிகள்) சர்ச் பள்ளிகளும் லிஸ்ட்டைத் தாங்களே வைத்திருக்கலாம் என்பதால் கவுன்சிலிடம் மட்டும் கேட்டுவிட்டு ஓயக் கூடாது. மதம் சார்ந்த பள்ளிகளுக்குத் துணைப் படிவம் ஒன்று தனியாக உண்டு. அது போய்ச் சேராவிட்டால், வாராவாரம் தவறாமல் கோயிலுக்குப் போகும் குடும்பமானாலும் கடைசிப் பிரிவில்தான் வைப்பார்கள்.

இனி மனதை அதிகம் அலைக்கழிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: லிஸ்ட்டில் உங்கள் எண்.

"அக்கா, மே மாசம் 3ஆவதா இருந்தோம், இப்ப 4 ஆயிட்டுது, உள்ளுக்குள்ள ஏதோ நடக்குது" என்ற கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. உள்ளுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. வெயிட்டிங் லிஸ்ட், வந்த நேரப்படி நிற்கும் வரிசையே அல்ல. எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறீர்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதைப் பள்ளிச் சேர்க்கை விதித் தொகுப்பு வெளிப்படையாகவே தடை செய்கிறது. ஒவ்வொரு புதுப் பெயர் சேரும்போதும், பள்ளி வெளியிட்டிருக்கும் முன்னுரிமை விதிகளின்படி முழு லிஸ்ட்டையும் மறுபடி அடுக்க வேண்டும். அரசுப் பராமரிப்பில் இருக்கும் அல்லது முன்பு இருந்த பிள்ளைகளுக்கு முதல் முன்னுரிமை. பிறகு பெரும்பாலான பள்ளிகளில் சிறப்பு மருத்துவ, சமூகத் தேவைகள், ஏற்கெனவே அங்கே படிக்கும் அண்ணன் அக்கா, கடைசியில் வீட்டுத் தூரம். பள்ளிக்குப் பள்ளி இது மாறும். தளத்தில் போட்டிருப்பார்கள், ஒரு தடவை வரிவரியாகப் படியுங்கள்.

ஓர் உதாரணம். மே மாதத்தில் லிஸ்ட்டின் தொடக்கத்தில் மூன்று பிள்ளைகள், எல்லோருக்கும் தூரம்தான் கணக்கு: முதல் பிள்ளை 0.38 மைல், இரண்டாவது 0.41, மூன்றாவதாக உங்கள் பிள்ளை 0.44. ஜூனில் 0.38 மைல் குடும்பம் வேறு பள்ளி கிடைத்து விலகிவிட்டது. அதே மாதத்தில் 0.30 மைலில் ஒரு குடும்பம் புதிதாகக் குடிவருகிறது. இரண்டாம் வகுப்பில் அண்ணன் படிக்கும் இன்னொரு பிள்ளை தாமதமாக விண்ணப்பிக்கிறது. இப்போது வரிசை: தம்பிப் பிள்ளை முதலில், 0.30 இரண்டாவது, 0.41 மூன்றாவது, நீங்கள் நான்காவது. ஒருவர் விலகிய பிறகும் நீங்கள் ஒரு படி கீழே. இதில் யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை.

எனவே எண்ணை மட்டும் கேட்காதீர்கள். மின்னஞ்சலில் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். என் பிள்ளையை எந்த முன்னுரிமைப் பிரிவில் வைத்திருக்கிறீர்கள்? வீட்டுத் தூரம் எவ்வளவு என்று அளந்திருக்கிறீர்கள்? சென்ற ஆண்டு ஆஃபர் நாளுக்குப் பிறகு இந்த லிஸ்ட்டிலிருந்து எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, கடைசியாகக் கிடைத்தவரின் தூரம் என்ன? முதல் இரண்டு பதில்களில்தான் பிழை பிடிபடும். அக்கா அதே பள்ளியில் படிப்பது பதிவாகாமல் போயிருக்கலாம். வீட்டு முகவரியில் ஃபிளாட் எண் விட்டுப்போய் வேறு கட்டடத்திலிருந்து அளந்திருக்கலாம். நேர்கோட்டுத் தூரமா நடைபாதைத் தூரமா என்பதிலும் பள்ளிகள் வேறுபடும். நீங்கள் கைப்பேசி வரைபடத்தில் பார்க்கும் தூரம் அவர்கள் கணக்கோடு ஒத்துப்போகாது. மூன்றாவது பதில், நம்பிக்கை வைக்கலாமா என்பதைச் சொல்லும். 60 இடம் உள்ள பள்ளியில் சென்ற ஆண்டு எட்டுப் பேர் உள்ளே போயிருந்தால் 5ஆவது இடம் நல்ல இடம். ஒருவர்கூடப் போகவில்லை என்றால் 2ஆவது இடத்தைக்கூட நம்பி உட்கார வேண்டாம்.

என் கருத்தைக் கேட்டால், வெறும் எண்ணைத் தருவது பெற்றோரை வதைப்பதுதான். பிரிவு, தூரம், சென்ற ஆண்டு நகர்ந்த எண்ணிக்கை, இந்த மூன்றையும் கவுன்சில்கள் கேட்காமலே கடிதத்தில் போட வேண்டும். அதோடு, "இடத்தை ஏற்றுக்கொள்வது லிஸ்ட்டைப் பாதிக்காது" என்ற ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் எத்தனையோ பேர் அந்த ஒரு வரி கண்ணில் படாததால் இடத்தை மறுக்கிறார்கள். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

லிஸ்ட் நகரும் காலங்கள் தெரிந்தால் காத்திருப்பது சற்று எளிது. ஏற்கும் கெடு முடிந்த மே முதல் வாரங்களில் ஓர் அசைவு இருக்கும்: தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் அப்போதுதான் இடத்தை விடுவார்கள். ஜூன், ஜூலையில் வீடு மாறுகிறவர்களால் கொஞ்சம். பிறகு செப்டம்பர் முதல் இரண்டு வாரம். பதிவு செய்துவிட்டு வராமலே போகும் பிள்ளைகளின் இடம் அப்போதுதான் வெளியே வரும். ஜூலையில் மனம் விட்டுப்போய் "இனி வேண்டாம்" என்று பெயரை எடுத்துவிடுகிறவர்கள் இந்த அசைவைத் தவறவிடுகிறார்கள்.

ஆகஸ்ட்டில் நம் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆறு வாரம் விடுமுறை, பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவோம். இங்கிலாந்து சிம் அணைந்து கிடக்கும். அந்த நேரத்தில் ஆஃபர் வந்தால் பதிலுக்கு ஒரு சில நாள்தான் அவகாசம் தருவார்கள், பிறகு அடுத்தவருக்குப் போய்விடும். கிளம்புமுன் அட்மிஷன்ஸ் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இந்தத் தேதிகளில் மின்னஞ்சலில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பாம் பெட்டியையும் தினம் ஒரு முறை பாருங்கள். மற்ற நாட்களில் தினசரி கூப்பிட வேண்டாம், மாதம் ஒரு முறை போதும். அடிக்கடி கேட்பவருக்கு இடம் தர அவர்களுக்கு அதிகாரம் கிடையாது.

தலைமை ஆசிரியருக்குத் தெரிந்தவர், கவுன்சிலருக்கு வேண்டியவர் என்று சிபாரிசு தேடுவதும் வீண். பணமோ நன்கொடையோ கொடுத்து இடம் வாங்க முடியாது. சேர்க்கைக்காகப் பள்ளி பணம் கேட்பதே விதிமீறல். அதைவிட ஆபத்தானது, பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் முகவரியைக் கொடுப்பது. கவுன்சில் வரி பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்தது தெரிந்தால், கிடைத்த இடத்தைப் பறித்துவிடலாம். நிஜமாகவே வீடு மாறினால் வாடகை ஒப்பந்தம் கையெழுத்தானவுடன் நகலோடு தெரிவியுங்கள். புதுத் தூரத்தின்படி மறுபடி அடுக்குவார்கள்.

உங்களுக்கு இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு நுணுக்கம். விரும்பும் பள்ளியில் இரண்டு பேருமே வெவ்வேறு வகுப்புகளின் லிஸ்ட்டில் இருந்து, ஒருவருக்கு முதலில் இடம் கிடைத்துச் சேர்ந்துவிட்டால், அன்றைக்கே மற்றவர் பற்றி எழுதுங்கள். உடன்பிறப்புப் பிரிவுக்கு ஏறிவிடுவார்.

அப்பீல் பற்றி. கடிதம் கிடைத்த நாளிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தர வேண்டும், கட்டணம் இல்லை. ஆனால் ரிசெப்ஷன், முதல், இரண்டாம் வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பது சட்ட வரம்பு. 60 பேர் எடுத்து 30, 30 என இரண்டு வகுப்பாக நடத்தும் பள்ளியில் 61ஆவது பிள்ளைக்கு இன்னோர் ஆசிரியர் வேண்டும். அங்கே "எங்களுக்கு வசதி, பிள்ளையின் நண்பர்கள் எல்லாம் அங்கேதான்" என்ற வாதம் எடுபடாது. விதிகள் சட்டத்துக்கு முரணாக இருந்தன, அல்லது விதிகளைத் தவறாகப் பயன்படுத்தியதால் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்காமல் போனது, அல்லது நியாயமான எவரும் எடுத்திருக்க முடியாத முடிவு இது, அல்லது இன்னொரு பிள்ளை சேர்ந்தாலும் வரம்பு மீறாது: இவற்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். அதனால்தான் தூரமும் பிரிவும் எழுத்தில் வேண்டும் என்கிறேன். பள்ளி ஓர் ஆண்டில் எடுக்கும் எண்ணிக்கை 20 ஆகவோ 27 ஆகவோ இருந்தால் கணக்கு மாறலாம். ஆனால் 20 எடுத்து, ரிசெப்ஷன், முதல், இரண்டாம் வகுப்புகளைக் கலந்து 30, 30ஆக நடத்தும் பள்ளி என்றால் வரம்பு அங்கேயும் குறுக்கே வரும். வகுப்புகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாதத்தை எழுதுங்கள். கையில் ஆதாரம் இல்லாமல் அப்பீலை மட்டும் நம்பிக் கோடை முழுவதும் தூக்கம் கெடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கிடைத்த பள்ளியைப் போய்ப் பாருங்கள். அரசின் பள்ளி ஆய்வு அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை. ஒரு வேலை நாளில் நேரம் கேட்டுப் போய், ரிசெப்ஷன் வகுப்பில் பத்து நிமிடம் நின்று, ஆசிரியை பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறார், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு என்ன உதவி, பள்ளி முடிந்த பின் பராமரிப்பு எத்தனை மணி வரை என்று கேளுங்கள். பிடித்துப்போனால் மற்ற லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். ஏனென்றால் சில கவுன்சில்களில் லிஸ்ட்டிலிருந்து இடம் வந்தால் பழைய இடம் தானாகவே ரத்தாகிவிடும். பிள்ளை முன்னால் "அது நல்ல பள்ளி இல்லை" என்று ஒருபோதும் பேசாதீர்கள். செப்டம்பரில் அந்த வாசலுக்குள் போகப் போவது அந்தப் பிள்ளைதான். பள்ளி இன்னும் மாறலாம் என்பதால் சீருடையில் இப்போதைக்குச் சாம்பல் கால்சட்டை, வெள்ளைச் சட்டை வாங்கினால் போதும். பள்ளிச் சின்னம் போட்ட ஸ்வெட்டரை ஆகஸ்ட் கடைசியில் வாங்கலாம்.

உடனே முழு நேரம் அனுப்பவும் கட்டாயம் இல்லை. நவம்பரில் 5 வயது நிறையும் பிள்ளைக்குச் சட்டப்படி கல்வி கட்டாயமாவது ஜனவரிப் பருவத்திலிருந்துதான். அதுவரை பகுதி நேரம் அனுப்பவோ, சேர்வதைத் தள்ளிப்போடவோ உரிமை உண்டு, இடம் போகாது. தூரப் பள்ளி கிடைத்தவர்களுக்கு இந்தப் பருவம் மூச்சு விடும் நேரம். 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, இடம் இருக்கும் மிக அருகிலுள்ள பொருத்தமான பள்ளியே 2 மைலுக்கு மேல் என்றால் கவுன்சில் இலவசப் போக்குவரத்து தர வேண்டும். கட்டாயக் கல்வி வயது வந்ததும் கேளுங்கள்.

லிஸ்ட்டைக் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். டிசம்பர் நடுவிலேயே எழுதி, ஜனவரியிலும் பெயர் தொடருமா, புதிய விண்ணப்பம் வேண்டுமா என்று கேளுங்கள். ஆண்டின் நடுவில் விண்ணப்பித்தால் 15 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். ஊரிலிருந்து இடையில் வந்து சேரும் குடும்பங்களுக்கும் இதே வழிதான். 30 என்ற வரம்பு மூன்றாம் வகுப்பிலிருந்து இல்லை என்பதால் அந்த வகுப்பில் அப்பீலுக்கு இடம் அதிகம். பக்கத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கும் தனி ஜூனியர் பள்ளி இருந்தால் அதற்குப் புதிதாகவே விண்ணப்பிக்கலாம். இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது வரும் ஜனவரி 15தான் கடைசி நாள்.